"வெளியில் சிகிச்சை எடுத்தார்": சேர்வராயன் மலையிலிருந்து ஜர்னலுக்குப் போன ஒரு கேஸ் ரிப்போர்ட்

கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எங்கள் முதுநிலை மாணவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "பத்து நாட்களாகக் காய்ச்சல், தலைவலி. வெளியில் சிகிச்சை எடுத்தார்." இதைவிடச் சுருக்கமாக நானும் நூறு முறை எழுதியிருக்கிறேன். அந்தக் கடைசி மூன்று சொற்களுக்காக ஐந்து மாதம் கழித்து நாங்கள் ஏற்காடு மலை ஏற வேண்டி வந்தது. அந்த அனுபவத்தைத்தான் இங்கே நிகழ்வு ஆய்வாக எழுதுகிறேன். இப்படி எழுதுவதற்கு நோயாளியிடம் தனியாக அனுமதி வாங்கியிருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டபடி ஊர், எஸ்டேட், சரியான வயது எதுவும் இதில் இருக்காது.

நோயாளி

நாற்பதுகளில் இருக்கும் பெண், காபித் தோட்டத் தொழிலாளி. டிசம்பர் மாதம், பழம் பறிக்கும் பருவம். ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சல் தொடங்கியது. மாத்திரை போட்டுக்கொண்டு அடுத்த சில நாட்கள் வேலைக்கும் போயிருக்கிறார். காய்ச்சல் கண்ட பதினோராம் நாள், திங்கட்கிழமை, சேலத்தில் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் 103 டிகிரி, தட்டணுக்கள் 62,000, கல்லீரல் என்சைம்கள் உயர்ந்திருந்தன. டெங்குவும் மலேரியாவும் இல்லை என்று பரிசோதனைகள் சொல்லின. பெயரைக் கேட்டால் பதில் இல்லை, ஊரைக் கேட்டால் சம்பந்தமில்லாமல் எதையோ சொன்னார். 'குழப்ப நிலை' என்று எழுதி, மூளைக்கு சி.டி. எடுத்தோம். அது இயல்பாக இருந்தது. முதுகுத் தண்டில் நீர் எடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம்.

அன்று இரவு வார்டில் இருந்த சிஸ்டர் இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்தார். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிடும்போது வலது அக்குளில் சிகரெட் சுட்ட தழும்பு போல ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பு, தொட்டால் வலியில்லை. எஸ்கார், அதாவது ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலைத் தரும் சிற்றுண்ணி கடித்த இடத்தின் அடையாளம். இரண்டாவது, அவருக்குக் குழப்பமே இல்லை. மருந்து அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் "சாப்டீங்களா?" என்று சிஸ்டர் எழுதிக் காட்டியிருக்கிறார். ஐந்தாவது வரை படித்த அந்த அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக "இன்னும் இல்லைங்க" என்றாராம். காது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்க்ரப் டைஃபஸ் தமிழ்நாட்டு மருத்துவர்களுக்குப் புதிதல்ல. ஓரியென்ஷியா சுட்சுகாமுஷி என்ற நுண்ணுயிரி, புதர்களிலும் புல்லிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் லார்வா கடிப்பதால் உடம்பில் ஏறுகிறது. நம் பக்கத்தில் மழை ஓய்ந்த குளிர் மாதங்களில் அதிகம். காபி பறிக்கும் மாதங்களும் அவைதான். டாக்சிசைக்ளின் 100 மி.கி. இரு வேளை தொடங்கினோம், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் காய்ச்சல் விட்டது. நோயை உறுதிசெய்யும் ஐ.ஜி.எம். எலைசா ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். நினைவு தெளிவாக இருந்ததால் முதுகு நீர் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை எடுத்த ஆடியோகிராமில் இரண்டு காதிலும் நரம்பு சார்ந்த கேள்திறன் குறைவு, சுமார் 55 டெசிபல். ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது 20. அதாவது இயல்பு.

இந்த நோயில் காது மந்தமாவது பழைய நூல்களிலேயே உள்ளதுதான். ஆனாலும் காய்ச்சல் வார்டில் அதை யாரும் தேடுவதில்லை. செவிட்டை மூளைக் குழப்பம் என்று படித்துவிடும் ஆபத்து உண்மையானது, நாங்களே செய்தோம். கேஸ் ரிப்போர்ட்டாக, அதாவது ஒரே நோயாளியைப் பற்றிய மருத்துவக் கட்டுரையாக, எழுதினால் இன்னொரு மருத்துவருக்கு உதவும் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதல் பிரதி

மாணவர் ஜனவரியில் ஒரு பிரதி எழுதிக் கொடுத்தார். ஆங்கிலம் வழுவழுவென்று இருந்தது. கேட்டேன். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் போட்டுத் திருத்தியதை மறைக்காமல் சொன்னார். அதில் தவறில்லை, ஆனால் அதைக் குறிப்பிட வேண்டும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு 2023-இல் தன் பரிந்துரைகளில் இதைச் சேர்த்தது: செயலியை ஆசிரியராகப் போடக்கூடாது, பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும், எழுதியதற்கான பொறுப்பு மனிதர்களுடையது. சரி, பொறுப்பு நம்முடையது என்றால் சோதித்துப் பார்ப்போம் என்று பதினான்கு மேற்கோள்களையும் ஒவ்வொன்றாக, மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெடில் தேடினோம். பதின்மூன்று கிடைத்தன. ஒன்று உலகத்திலேயே இல்லை. தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் இருந்தன, கட்டுரை மட்டும் இல்லை. மாணவரின் முகம் வெளிறிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் துறையில் ஒரு பழக்கம்: முழுக் கட்டுரையையும் திறந்து படிக்காத எதையும் மேற்கோளாகப் போடுவதில்லை.

கேஸ் ரிப்போர்ட் எழுதுவதற்கென்றே 2013-இல் வெளிவந்த 'கேர்' வழிகாட்டுதல் இருக்கிறது, பதின்மூன்று அம்சங்கள். தலைப்பு, சுருக்கம், அறிமுகம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றில் நேரத்தைச் செலவிடாதீர்கள் என்பேன். மூன்று அம்சங்களைத்தான் நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள்: காலவரிசை, நோயாளியின் பார்வை, ஒப்புதல். எங்கள் முதல் பிரதியில் இவை மூன்றுமே நொண்டின. காலவரிசை மருத்துவமனைக் கதவிலிருந்துதான் தொடங்கியது. அதற்கு முந்தைய பத்து நாட்களும் "வெளியில் சிகிச்சை எடுத்தார்" என்ற சொற்களுக்குள் புதைந்து கிடந்தன.

பெயர்கள்

யார் யார் ஆசிரியர் என்பதில் இரண்டு வாரம் போனது. இதைப் பற்றிப் பேச எல்லோரும் தயங்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூத்தவர் ஒருவர் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். அவர் நோயாளியைப் பார்க்கவில்லை, பிரதியைப் படிக்கவில்லை. மேலே சொன்ன குழுவின் விதிப்படி நான்கு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும்: ஆய்வின் கருத்திலோ தகவல் திரட்டுவதிலோ பகுப்பதிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ அறிவார்ந்த பங்கு, இறுதிப் பிரதிக்கு ஒப்புதல், எந்தக் கேள்வி எழுந்தாலும் பதில் சொல்லும் பொறுப்பு. முதலில் மூன்றுதான் இருந்தது. நான்காவது 2013-இல் சேர்ந்தது. இந்தப் பக்கத்தை அச்செடுத்து அவரிடம் கொடுத்து, "சார், நாளைக்கு எடிட்டர் கேள்வி கேட்டால் நீங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்" என்றேன். சற்று நேரம் படித்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

சிஸ்டர் விஷயம் நேர் எதிர். எஸ்காரையும் காதையும் கண்டது அவர்தான். ஆனால் "அவங்க எழுதலையே மேடம், நன்றி சொல்லும் பகுதியில் போட்டுவிடலாம்" என்றார் மாணவர். அதே விதிப் பக்கத்தில் அதற்குக் கீழேயே தெளிவாக இருக்கிறது: முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு எழுதவும் திருத்தவும் வாய்ப்புத் தர வேண்டும், வாய்ப்பை மறுத்துவிட்டு 'எழுதவில்லை' என்று தள்ளக்கூடாது. பிரதியைச் சிஸ்டரிடம் கொடுத்தோம். மூன்று இடத்தில் திருத்தினார். அதில் ஒன்று, எஸ்கார் இருந்தது வலது அக்குளில்; நாங்கள் இடது என்று எழுதியிருந்தோம். மூன்றாவது ஆசிரியராக அவர் பெயர் போனது. அவருக்கு ஆர்கிட் எண் (ஆய்வுக் கட்டுரை எழுதுவோருக்கான அடையாள எண்) பதிவு செய்துகொடுத்த நாளில் வார்டு முழுக்க வேர்க்கடலை மிட்டாய் கொடுத்தார்.

எங்கே அனுப்புவது

மாணவருக்கு அவசரம். அவர் மின்னஞ்சலுக்கு வாரம் இரண்டு அழைப்பு வரும்: மதிப்பிற்குரிய பேராசிரியரே, ஐந்து நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று. அவர் இன்னும் பேராசிரியர் ஆகவில்லை என்பதே போதுமான எச்சரிக்கை. ரிவ்யூ (துறை வல்லுநர்கள் கட்டுரையைப் படித்து மதிப்பிடுவது) என்ற பெயரில் பணம் பறிக்கும் இதழ்களை 'வேட்டை இதழ்கள்' என்று பெயரிட்டுப் பட்டியல் போட்டு வந்தார் ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகர். அந்தப் பட்டியல் 2017 ஜனவரியில் நின்றுபோனது. அதற்குப் பிறகு ஒரே பட்டியலை நம்ப முடியாது, நாமேதான் சரிபார்க்க வேண்டும். பப்மெடில் அந்த இதழின் பழைய கட்டுரைகள் உண்மையில் வருகின்றனவா, ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் தங்கள் நிறுவனப் பக்கத்தில் அந்தப் பொறுப்பைச் சொல்கிறார்களா, கட்டணம் முதலிலேயே வெளிப்படையாகப் போட்டிருக்கிறதா, கேஸ் ரிப்போர்ட்டை ஏற்கிறார்களா. கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். ஆனால் நல்ல இதழ்கள் பல இப்போது கேஸ் ரிப்போர்ட் வாங்குவதே இல்லை.

இரண்டு இதழுக்கு ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டு எது முதலில் ஏற்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். கூடாது. ஒன்று முடிவு சொன்ன பிறகுதான் அடுத்தது. கவர் லெட்டரில் 'வேறெங்கும் பரிசீலனையில் இல்லை' என்று கையெழுத்துப் போடுகிறோம், அது வெறும் சடங்கு இல்லை.

பிப்ரவரியில் அனுப்பிய முதல் இதழ் நான்காம் நாளே திருப்பி அனுப்பியது. ரிவ்யூவுக்கே போகவில்லை, புதுமை போதாது என்று ஒரு வரி. படித்துப் பார்த்தேன், அவர்கள் சொன்னது நியாயம்தான். 'ஸ்க்ரப் டைஃபஸ்: ஒரு நோயாளி' என்கிற தோரணையில் எழுதியிருந்தோம். செவிட்டைக் குழப்பம் என்று நாங்கள் தவறாகப் படித்த கதை கடைசிப் பத்தியில் கூச்சத்தோடு ஒளிந்துகொண்டிருந்தது. அதை முதல் பத்திக்கு இழுத்து வந்தோம். 'ஸ்க்ரப் டைஃபஸால் ஏற்பட்ட, மீளக்கூடிய கேள்திறன் இழப்பு' என்று தலைப்பு வைத்து மார்ச்சில் இரண்டாவது இதழுக்கு அனுப்பினோம்.

ரிவ்யூவர் கேட்ட கேள்வி

மே முதல் வாரம் பதில் வந்தது. முதல் ரிவ்யூவர் மொழித் திருத்தங்களும், முதுகு நீர் எடுக்காததை ஒரு குறையாகச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தார். இரண்டாமவர் எழுதியது ஐந்தே வரி. மருத்துவமனைக்கு வருமுன் பெற்ற சிகிச்சை என்ன? காதைப் பாதிக்கும் மருந்து ஏதாவது தரப்பட்டதா? காது மந்தமானது எப்போது? முன்பு கேட்டுக்கொண்டிருந்தார் என்பதற்கு ஆதாரம்? பிறகு, அக்குள் படத்தில் நோயாளியின் பெயர் தெரிகிறது, இதற்கு ஒப்புதல் எங்கே?

படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். தூக்கிய கையில் முழங்கைக்கு மேலே பச்சை குத்தியிருந்தது, பெயர். நாங்கள் மூன்று பேர் இருபது முறை பார்த்த படம். எஸ்காரை மட்டுமே பார்த்திருக்கிறோம். அது போதாதென்று கோப்பின் பெயரிலேயே உள்நோயாளி எண் இருந்தது. கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்தால் போதும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள், அது போதாது என்று இதழ் ஆசிரியர்களின் அந்தச் சர்வதேசக் குழு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பச்சை, தழும்பு, தாலியின் அமைப்பு, எக்ஸ்ரே மூலையில் உள்ள எண், இவையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒப்புதல் என்று எங்களிடம் இருந்தது சிகிச்சைக்கான கையெழுத்து மட்டும். வெளியீட்டுக்கான ஒப்புதல் வேறு. இந்தத் தவறு முழுக்க என்னுடையது. மாணவரின் கையொப்பத்துக்கு மேலே என் கையொப்பம் இருந்தது.

தொலைபேசியில் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவரும் சிஸ்டரும் நானும் கிளம்பினோம். கோடை விழா சமயம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் வண்டிகள் ஊர்ந்துதான் ஏறின. ஏற்காடு ஏரியைத் தாண்டிச் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறிய தோட்டங்களுக்கு நடுவே போய், அப்புறம் கொஞ்சம் நடை. அம்மா வாசலிலேயே நின்று, "வாங்க சிஸ்டரு" என்று முதலில் அவரைத்தான் கூப்பிட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகளும் வந்திருந்தார்.

மகள் மஞ்சப்பை ஒன்றை எடுத்துவந்தார். ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், அவற்றோடு மடித்த ஒரு சீட்டு. தேதி சனிக்கிழமை, காய்ச்சலின் ஒன்பதாம் நாள். அமிகாசின் 500 மி.கி., தசையில். மறுநாளும் ஒன்று. மாணவர் என்னைப் பார்த்தார். அமிகாசின் காதைக் கெடுக்கும் மருந்து என்பது இரண்டாம் ஆண்டு மாணவருக்கே தெரியும். மலையில், கையில் இருப்பதை வைத்து, ஒன்பது நாள் காய்ச்சலோடு வந்தவருக்கு அந்த மருத்துவர் ஊசி போட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. சீட்டில் மருந்தின் பெயரையும் தேதியையும் தெளிவாக எழுதியிருந்தார், நாங்கள் எழுதியதைவிட ஒழுங்காக.

காது எப்போதிலிருந்து என்று கேட்டேன். மகள்தான் பேசினார்: "வியாழக்கிழமை ராத்திரி போன் பண்ணேன் டாக்டரம்மா. எடுத்துட்டு அலோ அலோன்னே இருந்தாங்க, நான் பேசுனது எதுவுமே கேக்கல. அதுக்கப்புறம்தான் லீவு சொல்லிட்டுக் கிளம்பி வந்தேன்." வியாழன், ஊசிக்கு இரண்டு நாள் முன்பு.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி எடுத்துப் போயிருந்தோம். இணையத்தில் வரும், யாரும் பார்க்கலாம், வந்த பிறகு முழுசாக எடுத்துவிட முடியாது, மறுத்தாலும் சிகிச்சையில் எதுவும் மாறாது என்று சிஸ்டர் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். அம்மாவுக்கு ஒரே கவலை: நோய் பிடித்த ஆள் என்று தெரிந்தால் அடுத்த சீசனுக்கு வேலை கொடுப்பார்களா? எஸ்டேட் பெயரும் ஊர்ப் பெயரும் வராது என்று எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்துப் போட்டார். இதில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. எந்த மலை, எந்தத் தோட்டம் என்பதுதான் நம் ஊர் மருத்துவருக்குப் பயன்படும் தகவல். ஆனால் சின்ன ஊரில் வயதும் வேலையும் மாதமும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். கடைசியில் 'சேலம் மாவட்ட மலைப்பகுதி', 'நாற்பதுகளில்' என்று நிறுத்தினோம். மறைக்க வேண்டியதை விட்டுவிடலாம், மாற்றி எழுதக்கூடாது. ஐம்பது வயது என்றோ டீத்தோட்டம் என்றோ எழுதினால் அது பொய்த் தகவல்.

இறங்கும்போது மாணவர் கேட்டார்: "மேடம், ரெண்டே ஊசிதான். சிகிச்சை விவரம் கிடைக்கலைன்னு எழுதிட்டா?" அவருக்கு அந்தக் கட்டுரை எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். நான் பதில் சொல்லுமுன் பின்சீட்டிலிருந்து சிஸ்டர், "அந்தச் சீட்டைப் பத்திரமா வெச்சிருந்தாங்களே தம்பி, அதை இல்லைன்னு எழுதலாமா?" என்றார். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சில்லை.

திருத்திய பிரதி

அமிகாசினைச் சுருக்கத்திலேயே போட்டோம். பிறகு வாதத்தை எடைபோட்டோம். அமிகாசின் பாதிப்பு பெரும்பாலும் அதிக அதிர்வெண்ணில் தொடங்கும், பெரும்பாலும் திரும்பாது. இவருக்கு எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய சமமான இழப்பு, ஆறு வாரத்தில் மீண்டது, ஊசிக்கு முன்பே தொடங்கியதாக மகள் சொல்கிறார். ஆனால் மகளின் நினைவு ஐந்து மாதப் பழையது, ஊசிக்கு முந்தைய ஆடியோகிராம் கிடையாது. ஆகவே 'அமிகாசினின் பங்கை முற்றிலும் மறுக்க முடியாது' என்று எழுதி, தலைப்பில் 'ஸ்க்ரப் டைஃபஸால் ஏற்பட்ட' என்றிருந்ததை 'ஸ்க்ரப் டைஃபஸில் காணப்பட்ட' என்று மாற்றினோம். முதுகு நீர் எடுக்காததையும் குறையாக ஒப்புக்கொண்டோம். படத்தை எஸ்காரை ஒட்டி வெட்டி, பக்கத்தில் அளவுகோல் வைக்காததைப் படக்குறிப்பில் சொன்னோம்.

பதில் கடிதத்தில் ரிவ்யூவரின் ஒவ்வொரு வரியையும் அப்படியே எடுத்துப்போட்டு, கீழே எங்கள் பதில், பிரதியில் எத்தனையாவது வரியில் மாற்றம் என்ற எண். திருத்தம் தெரியும் பிரதி ஒன்று, சுத்தப் பிரதி ஒன்று. இரண்டாவது ரிவ்யூவருக்கு எழுதிய நன்றி சம்பிரதாயத்துக்கு எழுதியதல்ல. ஆகஸ்டில் ஏற்றுக்கொண்டார்கள்.

வெளியாகும் முன் நாங்கள் சரிபார்க்க வேண்டிய ப்ரூஃப் செப்டம்பரில் வந்தது, நாற்பத்தெட்டு மணி நேரக் கெடு. எங்கள் முகவரியில் மாநிலமும் நாடும் விடுபட்டிருந்ததால் எந்த சேலம் என்று கேட்டிருந்தார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸிலும் ஓரிகனிலும் ஒவ்வொரு சேலம் உண்டு. அதை நிரப்பினோம். அச்சாகும் முன் அம்மாவுக்கும் ஒருமுறை படித்துக்காட்ட வேண்டும் என்று, கட்டுரையைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி வைத்திருந்தேன். சிஸ்டர் போனில் வாசித்தார். காலவரிசைக்கு வந்தபோது அம்மா நிறுத்தினார்.

"வியாழக்கிழமை இல்ல சிஸ்டரு, புதன். பழம் எடை போடுற எடத்துல எம்பேரக் கூப்பிட்டது எனக்குக் கேக்கவே இல்ல. பின்னாடி நின்னவ இடிச்சுத்தான் திரும்பிப் பாத்தேன். மறுநாளு வேலைக்கே போகல, அன்னிக்கு ராத்திரிதான் மக போன் பண்ணுச்சு."

மே மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். காது நன்றாகக் கேட்கும் அவர் பக்கத்திலேயே இருந்தார். நாங்கள் மகளிடம் கேட்டோம், மகள் சொன்னதை எழுதிக்கொண்டோம். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

புதன் என்று திருத்தி, தகவல் நோயாளியே சொன்னது என்று மாற்றி, ஏன் இப்போது மாறுகிறது என்று எடிட்டருக்கு நான்கு வரி விளக்கம் எழுதினோம். கெடு முடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது ப்ரூஃப் போனது.